முருகன் முகத்தில் ஓட்டை விழுந்த கதை

லயத்துப் பையன்:

2014 பங்குனி உத்திரத்துக்கு எங்கள் தோட்டத்து உறுமி மேளக் குழு பாடிய எட்டுப் பாட்டை சிடியில் போட்டுக் கோயிலில் கொடுக்கலாம் என்று பேசி முடிவானது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டம், சம்பளம் வந்த மறுவாரமே கடன் கேட்கிற ஆட்கள்தான் பாதிப் பேர் (என்னையும் சேர்த்து). 150 சிடி, மேலே முருகன் படம், காசு அதிகம் ஆகக் கூடாது. இது தலைவர் உத்தரவு.

முதலில் ஸ்டிக்கர். வட்டமாக வெட்டிய லேபல் தாளில் அடித்து இருபது ஒட்டினேன், பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஒன்றை மாமாவின் கஞ்சில் காரில் செருகினேன். வெயிலில் நின்ற வண்டி, பசை இளகி ஓரம் சுருண்டு சிடி உள்ளேயே மாட்டிக்கொண்டது. "பாட்டு வரலடா, முருகன் மட்டும் உள்ள உக்காந்துட்டாரு" என்று மாமா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். சரி, மிச்சத்தை உரித்துவிடுவோம் என்று உரித்தால் வெள்ளிப் பூச்சும் கூடவே வந்துவிட்டது, சிடி வெறும் கண்ணாடி. பாட்டு இருப்பது அடிப்பக்கத்தில் இல்லை, மேல் பூச்சுக்குச் சற்றுக் கீழேதான் என்பது அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. டிவிடி அப்படியில்லை, இரண்டு தகட்டுக்கு நடுவில் இருக்கும்.

அப்புறம் ஈப்போவில் ஒரு சில்க் ஸ்க்ரீன் கடை, வலை வழியாக மையைத் தள்ளி அச்சடிக்கிற முறை. ஒவ்வொரு நிறத்துக்கும் தனி பிலிம், தனி வலை. நூறு அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் அந்தச் செலவு ஒன்றுதான். ஆயிரம் என்றால் நானே அங்கே கொடுத்திருப்பேன். 150க்கு நாலு நிறம் என்றதும் எழுந்து வந்துவிட்டேன்.

கடைசியில் கைகொடுத்தது கல்யாண போட்டோ எடுக்கிற ஓர் அண்ணனின் எப்சன் எல்800. ஆறு நிற மையைத் தொட்டியில் ஊற்றுகிற பிரிண்டர், சிடி வைக்கத் தனித் தட்டு உண்டு. "மையை நீ வாங்கிக் குடு, ராத்திரி வந்து அடிச்சுக்க" என்றார். இதற்கு மேல்பக்கம் வெள்ளையாக, மை உறிஞ்சுகிற சிடி வேண்டும், விலை கொஞ்சம்தான் கூட. வாங்கும்போது அந்த வெள்ளை நடு ஓட்டை வரைக்கும் வருகிறதா என்று பாருங்கள். நான் வாங்கிய முதல் கட்டில் நடுவே 46 மில்லிமீட்டர் வட்டத்துக்கு வெளியில்தான் வெள்ளை. நானோ முருகன் முகத்தை நட்ட நடுவில் வைத்திருந்தேன். வேலும் மயில் தோகையும் அருமையாக விழுந்தன, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை! படத்தை ஓர் ஓரமாக ஒதுக்கி மறுபடி அடித்தோம். ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்து எடுக்க வேண்டும், இரண்டு ராத்திரி போனது.

சலங்கை டீச்சர்:

நாங்கள் சலங்கை பூஜை டிவிடிக்கு லைட்ஸ்கிரைப் போட்டோம் தம்பி. மை வேண்டாம், அதற்கென்று வந்த டிஸ்க்கைத் திருப்பிப் போட்டால் டிரைவின் லேசரே படத்தைப் பொறித்தது. ஆனால் ஒரே நிறம், ஒன்றுக்கு இருபது நிமிஷம் போல ஆனது, வெளிச்சத்தில் வைத்தது மங்கியும் போனது. உங்களுடையது ஈரம் தாங்கியதா?

லயத்துப் பையன்:

இல்லை அக்கா, தண்ணீரில் கரைகிற மை. ஈரம் தாங்கும் பளபளப்பு ரக சிடியும் இருக்கிறது, அதற்கு எங்களிடம் காசு இல்லை. ஒரு ராத்திரி காயவைத்து பிளாஸ்டிக் உறையில் போட்டோம். பால்குடம் இறக்கி வந்தவர்களிடம் கையைத் துடைத்துவிட்டு வாங்குங்கள் என்று நின்று நின்று சொன்னேன். எங்கள் பாட்டி மட்டும் கேட்கவில்லை, உறையை உருவிப் படத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, கட்டை விரலில் மயில் நீலத்தோடு பிரசாதம் வாங்கப் போனார்.