மறுமொழி: ‘தலை, பூ’ பொருந்தாத காசுக்கு என்ன சொல்?

அனைவருக்கும் வணக்கம்.

பேரரசி ஐரீனின் பொற்காசுப் படத்துக்கான விளக்க அட்டை நாளை காலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். மூன்று நாளாக மடல்கள் வந்தும் காசின் முதன்மைப் பக்கமான ‘ஆப்வர்ஸ்’, அதன் மறுபக்கமான ‘ரிவர்ஸ்’ இரண்டுக்கும் தமிழில் சொல் அமையவில்லை. கேட்டவள் நான் என்பதால் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன்.

> தலை, பூ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

இந்தக் காசில் பூவே இல்லை, ஐயா. மகன் ஆறாம் கான்ஸ்டன்டைனின் கண்கள் 797இல் பறிக்கப்பட்டன. அதன்பின் ஐரீன் பைசாந்தியத்தை, அதாவது கிழக்கு ரோமப் பேரரசை, தனியாக 802 வரை ஆண்டார். கான்ஸ்டான்டினோபிளில் அவர் அடித்த பொற்காசில் முடியிலிருந்து காதோரம் சரங்கள் தொங்குகின்றன. ஒரு கையில் சிலுவை பொருத்திய உருண்டை, மறுகையில் செங்கோல். திருப்பிப் பார்த்தால் மறுபடியும் அவரேதான். எப்படிச் சுண்டினாலும் தலைதான் விழும்.

> கீழச்சு, மேலச்சு என்றால் காசு அடிக்கும் அக்கசாலைத் தொழிலுக்குப் பொருந்தும்.

தம்பி சொல்வது தொழில்முறையில் சரி. பட்டடையில் பதித்த அச்சு ஒரு பக்கத்தைத் தரும். மேலே பிடித்துச் சம்மட்டியால் அடிக்கும் அச்சு மறுபக்கத்தைத் தரும். ஆனால் ஆப்வர்ஸ் பெரும்பாலும் கீழச்சில் வருவது. முதன்மையான முகத்துக்குக் ‘கீழ்’ என்று பெயர் வைத்தால் மாணவர்கள் குழம்பிப்போவார்கள். நம் கல்வெட்டுகளில் ‘அச்சு’ என்றே ஒரு காசும் உண்டு.

> இந்தப் பொற்காசுக்குச் ‘சாலிடஸ்’ என்ற பெயர் வேண்டாம். இலத்தீனில் திண்மை என்று பொருள், ‘திண்காசு’ என்போம். ‘சோல்ஜர்’ என்ற சொல்லே இதிலிருந்து கிளைத்ததுதான்.

சோல்ஜர் செய்தியை வகுப்பில் கட்டாயம் சொல்வேன், ஐயா. ஆனால் திண்காசு என்றால் எந்த நாட்டுக் காசு என்று யாருக்குத் தெரியும்? முதலாம் கான்ஸ்டன்டைன் ஒரு ரோமானிய ராத்தல் தங்கத்துக்கு 72 காசு என்று வகுத்தார். ஒன்று ஏறத்தாழ நாலரை கிராம், நம் அரைப் பவுனுக்குச் சற்று மேல். பெயர் பெயராகவே இருக்கட்டும். ‘பேரரசி’ என்றால் பேரரசனின் மனைவி என்றும் ஆகுமே என்று கேட்டவருக்கு: அட்டையில் ‘தனித்து ஆண்ட’ என்று சேர்த்துவிட்டேன்.

நம் குழுவில் அம்மா ஒருவர் தந்த ‘முகம், முதுகு’ காதுக்கு இனிமைதான். ஆனால் முகம் தெரியும் பக்கத்தை முதுகு என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

எனக்கு ‘முன்பக்கம், பின்பக்கம்’ போதும். எளிமைக்காக மட்டும் சொல்லவில்லை. தனியாட்சிக்கு முந்தைய சில ஆண்டுகளின் காசைப் பாருங்கள். முன்பக்கம் தாய், பின்பக்கம் மகன். முடிசூடிய பேரரசன் மகன்தான். இருந்தும் முன்பக்கம் தாய்க்கு. நம் ‘முன்’ இடத்தையும் சொல்லும், வரிசையில் முந்தியவரையும் சொல்லும். அரண்மனையில் யார் கை ஓங்கியிருந்தது என்பதைப் பிள்ளைகள் அந்த ஒரு சொல்லிலேயே பிடித்துக்கொள்வார்கள். 797க்குப் பிறகு பின்பக்கத்திலும் மகன் இல்லை. அச்சைச் சொல்லும் பெயரில் இந்தக் கதை வராது.

இதுவரை ஏழு பேர் முன், பின் பக்கம். அம்மா முதுகை விடுவதாக இல்லை. ‘பின்பக்கம் என்பது சொல்லா, வழிகாட்டிப் பலகையா’ என்று இன்று மதியமும் எழுதியிருக்கிறார். அட்டை முன்பக்கம், பின்பக்கம் என்றே போகிறது. சொற்பட்டியலில் இரண்டு இணைகளையும் ஏற்றிவிடுங்கள், அம்மாவின் மறுப்பையும் சேர்த்து.