புதுப்பிப்பு: கேஸ் கீசரை வெளியே மாற்றிவிட்டோம்
தக்கலை வீட்டில் அம்மாவுக்குக் குளித்து வரும்போதெல்லாம் தலைவலி, கிறுகிறுப்பு. குளியலறைக்குள் இருக்கும் கேஸ் கீசர் காரணமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். அதுதான் போலிருக்கிறது. மழைச்சாரல் அடிக்கிறதென்று வென்டிலேட்டரை நாங்களே அட்டை வைத்து அடைத்திருந்தோம். கீசருக்குப் புகைபோக்கியும் கிடையாது. மூடியைக் கழற்றிப் பார்த்தால், நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாக ஆடியது. ஓரத்தில் விரல் வைத்தால் கரி. கேஸ் சரியாக எரியாதபோது வரும் விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே இல்லை. கேஸ் கசிந்தால் நாறுமே என்று நம்பியிருந்தது எங்கள் தவறு.

இப்போது கீசர் வெளிச்சுவரில், சன்ஷேடுக்குக் கீழே, ஜன்னல்களைவிட்டுத் தள்ளி இருக்கிறது. சுடுதண்ணீர் மட்டும் குழாயில் உள்ளே வருகிறது. அம்மாவை டாக்டரிடமும் காட்டினோம், தலைவலி நின்றுவிட்டது. உள்ளே வைத்திருப்பவர்கள், தயவுசெய்து, மாற்றும்வரை பற்றவைக்காதீர்கள். அடுப்பில் தண்ணீர் காய்ச்சிக்கொள்ளலாம்.