கன்டெய்னர் யார்டுக்கு வெப் அப்ளிகேஷன்: ஜாங்கோவா, ஸ்பிரிங் பூட்டா?

மணலி_கேட்2:

எல்லாருக்கும் வணக்கம். மணலியில ஒரு கன்டெய்னர் யார்டு. கேட் என்ட்ரி, டிரெய்லர் டிரிப், பில்லிங் மூணையும் ஒரே அப்ளிகேஷனுக்குள்ள கொண்டுவரணும். இப்ப ஓடுறது ஃபிரேம்வொர்க் (பொது வேலைகளுக்கு ரெடிமேடா வர்ற கோடு) எதுவும் இல்லாம எழுதின பழைய பிஎச்பி பக்கங்கள், மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ், கூடவே எக்செல். ரெண்டு கேட், ராயபுரத்துல பில்லிங் ஆபீஸ், மொத்தம் 30 பேர் பயன்படுத்துவாங்க.

தொந்தரவு மூணு. ஒரே பெட்டி ரெண்டு கேட்லயும் ‘உள்ள இருக்கு’ன்னு பதிவாகுது. மாசக் கடைசி நெரிசல்ல ரெண்டு பார்ட்டிக்கு ஒரே பில் நம்பர் விழுது. டேபிள்ல ஒரு காலம் (நெடுவரிசை) சேர்த்தா நாலு பக்கம் உடையுது.

எழுதப்போறது ரெண்டு பேர். பைத்தான் நல்லா வரும், ஜாவா ஓரளவு. ஃபிரேம்வொர்க்குக்கு மாறினா இதுல எது தானா தீரும், எதை நாங்களே எழுதணும்? பைத்தான் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோ போதுமா, இல்ல கம்பெனி வேலைன்னா ஜாவாவோட ஸ்பிரிங் பூட்தான் சரியா?

கொருக்குப்பேட்டை_பைத்தான்:

ரெண்டு பேர், பைத்தான் தெரியும், 30 யூசர். ஜாங்கோ தாராளமா போதும். ஆனா நீங்க சொன்ன மூணுல கடைசியை மட்டும்தான் ஃபிரேம்வொர்க் பெருமளவு தானா தீர்க்கும். முதல் ரெண்டுக்கும் அது கருவி கொடுக்கும், விதியை நீங்கதான் எழுதணும்.

தானா கிடைக்கிறது எதெல்லாம்னா: லாகின், பாஸ்வேர்டை ஹாஷ் பண்ணி (திரும்பப் படிக்க முடியாதபடி மாத்தி) வைக்கிறது, குரூப் வாரியா அனுமதி, ஃபார்ம் சரிபார்ப்பு, சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (வேற தளத்துலருந்து வர்ற போலி ஃபார்மைத் தடுக்கிற குறி), ஃபார்ம் வழியா டேட்டாபேஸ் கட்டளையைத் திணிக்கிற எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷனுக்குத் தடுப்பு, அட்மின் பக்கம் (டேட்டாவைச் சேர்க்க, திருத்த தானா வர்ற ஸ்கிரீன்). ஷிப்பிங் லைன், டிரெய்லர், ரேட் மாதிரி மாஸ்டர் டேபிளுக்கு அட்மினே போதும், தனி ஸ்கிரீன் எழுத வேண்டாம். கேட்ல உக்கார்றவர் கையில மட்டும் அட்மினைக் கொடுக்காதீங்க. அவருக்கு நாலே கட்டம் உள்ள ஒரு ஃபார்ம் போதும்: கன்டெய்னர் நம்பர், வண்டி நம்பர், சீல் நம்பர், லோடா எம்ப்டியா.

ஜாங்கோ 5.2 எடுங்க. நீண்டகால ஆதரவு உள்ள பதிப்பு, 2028 ஏப்ரல் வரைக்கும் பாதுகாப்புத் திருத்தம் வரும். பைத்தான் 3.10 அல்லது அதுக்கு மேல வேணும். முதல் மைகிரேட் (டேபிளை உருவாக்குற, மாத்துற கமாண்ட்) ஓட்டுறதுக்கு முன்னாடியே சொந்த யூசர் மாடல் (டேபிளை விவரிக்கிற பைத்தான் கிளாஸ்) ஒண்ணு போட்டுடுங்க, உள்ள ஒரு வரிகூட இல்லாட்டாலும் பரவாயில்ல. ஆறு மாசம் கழிச்சு ‘கேட் ஆபரேட்டருக்கு ஷிஃப்ட் காலம் வேணும்’னு மாத்தப் போனா, யூசரைத் தொடுற ஃபாரின் கீ (வேற டேபிள் வரியைக் காட்டுற இணைப்பு) அத்தனையையும் கையால திருத்த வேண்டிவரும்.

இப்ப ரெட்டைப் பதிவு. பைத்தான்ல ‘இந்தப் பெட்டி உள்ள இருக்கா’ன்னு கேட்டு, இல்லன்னா சேவ் பண்ற முறை பத்தாது. ரெண்டு கேட்டும் ஒரே நொடியில கேட்டா ரெண்டுக்கும் ‘இல்ல’ன்னு பதில் வரும், ரெண்டும் எழுதிடும். தடுப்பு டேட்டாபேஸ்லதான் இருக்கணும். கேட் மூவ் மாடல்ல, வெளியேறின நேரம் காலியா இருக்கற வரிகளுக்கு மட்டும் கன்டெய்னர் நம்பர் திரும்ப வரக்கூடாதுன்னு நிபந்தனையோட ஒரு யுனிக் கன்ஸ்ட்ரெயின்ட் போடுங்க. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல இது அப்படியே வேலை செய்யும். மைஎஸ்க்யூஎல்ல நிபந்தனை உள்ள யுனிக் கிடையாது. ஜாங்கோ ஒரு எச்சரிக்கையை மட்டும் காட்டிட்டு அதை உருவாக்காமலே போயிடும். கோடுல இருக்கறதைப் பார்த்து பாதுகாப்பு இருக்குன்னு நம்பிடுவீங்க, டேபிள்ல இருக்காது. இந்த ஒரு காரணத்துக்காகவே போஸ்ட்கிரெஸுக்கு மாறுங்க.

ரெண்டாவது கேட் சேவ் பண்ணும்போது இன்டெக்ரிட்டி எரர் (விதி மீறல்) வரும். அந்த சேவைத் தனி அடாமிக் பிளாக்குக்குள்ள (முழுசா நடக்கும், இல்லன்னா எதுவுமே நடக்காது; அதுதான் டிரான்சாக்‌ஷன்) வச்சு, பிளாக்குக்கு வெளிய எரரைப் பிடிச்சு, ‘இந்தப் பெட்டி கேட் 1-ல உள்ள வந்திருக்கு’ன்னு காட்டுங்க. பிளாக்குக்கு உள்ளேயே பிடிச்சா போஸ்ட்கிரெஸ் அந்த டிரான்சாக்‌ஷனையே செத்ததா வச்சிருக்கும், அடுத்த குவெரி (டேட்டாபேஸ் கேள்வி) எதுவும் ஓடாது.

கன்டெய்னர் நம்பரோட கடைசி இலக்கத்தையும் சோதிங்க. ஐஎஸ்ஓ 6346 படி நாலு எழுத்து, ஆறு இலக்கம், அப்புறம் ஒரு சரிபார்ப்பு இலக்கம். எழுத்துக்கு 10 முதல் 38 வரை மதிப்பு, நடுவுல 11, 22, 33 மூணையும் விட்டுடணும். இடமிருந்து 1, 2, 4, 8ன்னு இரட்டிச்சுக்கிட்டே போய் 512 வரை பெருக்கிக் கூட்டி, 11 ஆல வகுத்த மீதிதான் அந்த இலக்கம். மீதி 10 வந்தா 0. சிஎஸ்க்யூயு 305438-க்குக் கூட்டுத்தொகை 6185, மீதி 3, அதனால கடைசி இலக்கம் 3. இதை வேலிடேட்டரா (மதிப்பைச் சோதிக்கிற ஃபங்ஷனா) எழுதினா ஃபார்ம் வழியா வர்றது எல்லாம் வடிகட்டப்படும். ஆனா மாடலோட சேவ் மெதட் வேலிடேட்டரைக் கூப்பிடாது. எக்செல்லருந்து ஸ்கிரிப்ட் வச்சு ஏத்தும்போது எல்லாச் சோதனையையும் ஓட்டுற ஃபுல் கிளீனை நீங்களே கூப்பிடணும், இல்லன்னா பழைய குப்பை முழுசா உள்ள வந்துடும்.

ராயபுரம்_ஜாவா:

ஜாங்கோ என்ற தேர்வு சரி. ஸ்பிரிங் பூட் எப்போது தேவைப்படும் என்று மட்டும் சொல்கிறேன்.

2014-ல் ஸ்பிரிங் பூட் 1.0 வருவதற்கு முன், ஸ்பிரிங் என்றால் பெரும்பாலும் எக்ஸ்எம்எல் கோப்புகளிலோ ஜாவா கோடிலோ பீன்களை (அப்ளிகேஷனின் பாகங்களை) இணைத்து, வார் கோப்பாகக் கட்டி, தனியாக நிறுவிய டாம்கேட் என்ற வெப் சர்வரில் ஏற்ற வேண்டியிருந்தது. பூட் அந்த உழைப்பை எடுத்துவிட்டது. ஸ்டார்ட்டர் என்ற லைப்ரரித் தொகுப்பைச் சேர்த்தால் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் பதிப்புகள் வந்துவிடும், டாம்கேட் உள்ளேயே இருக்கும், ஒரே ஜார் கோப்பை ஓட்டினால் போதும், ஆக்சுவேட்டர் வழியாக அப்ளிகேஷனின் நிலையையும் பார்க்கலாம். பெரிய ஈஆர்பி (நிறுவனம் முழுவதற்குமான மென்பொருள்), மெசேஜ் க்யூ (செய்திகளை வரிசையில் வைத்து அனுப்பும் அமைப்பு), ஏற்கனவே ஜாவாவில் இருக்கும் பல அமைப்புகளோடு பேச வேண்டும் என்றால் அது நல்ல தேர்வு. உங்கள் யார்டுக்கு அந்தத் தேவை இல்லை.

நாளை ஜாவா பக்கம் போனால், வழக்கமாக அடிவாங்கும் இடங்கள் இவை. டிரான்சாக்‌ஷனல் குறியீடு ப்ராக்ஸி (இடையில் நிற்கும் உறை) வழியாகத்தான் வேலை செய்யும்; ஒரே கிளாஸுக்குள் ஒரு மெதட் இன்னொன்றைக் கூப்பிட்டால் அந்தக் குறியீடு கவனிக்கப்படாது, டிரான்சாக்‌ஷன் தொடங்காது. இரண்டாவது, செக்டு எக்செப்ஷன் (கோடில் கையாண்டாக வேண்டிய பிழை) எழுந்தால் இயல்பாக ரோல்பேக் ஆகாது (மாற்றம் ரத்தாகாது), கமிட் ஆகிவிடும் (நிலைத்துவிடும்). பில் பாதி எழுதி நிற்பதற்கு இது ஒன்றே போதும். டேட்டாபேஸ் இணைப்புகளைத் தயாராக வைத்திருக்கும் ஹிகாரி கனெக்‌ஷன் பூலின் இயல்பு அளவு 10. டிரான்சாக்‌ஷனைத் திறந்து வைத்துக்கொண்டே வெளி ஏபிஐயின் பதிலுக்குக் காத்திருந்தால் பத்து பேரிலேயே மொத்தமும் நின்றுவிடும். டேபிளை ஜாவாவோடு இணைக்கும் ஹைபர்னேட்டே டேபிளை மாற்றிக்கொள்ளும் அமைப்பை நேரலையில் விடாதீர்கள், டேபிள் மாற்றங்களை நடத்தும் கருவியான ஃப்ளைவே வைத்து எஸ்க்யூஎல்லை வரிசையாக எழுதுங்கள். ஸ்பிரிங் பூட் 3 முதல் ஜாவா 17 கட்டாயம், பல பேக்கேஜ் (கோடு தொகுப்பு) பெயர்களும் ஜகார்த்தா என்று மாறிவிட்டன. பழைய பாடங்களில் இருந்து நகலெடுத்தால் கம்பைலே ஆகாது.

மணலி_கேட்2:

ரொம்ப நன்றிங்க. பில் நம்பருக்கு போஸ்ட்கிரெஸ் சீக்வென்ஸ் (தானா அடுத்த எண் கொடுக்கிறது) வச்சா போதுமா? கேட்ல நெட் அடிக்கடி விழும், பட்டனை ரெண்டு தடவை அமுக்கிடறாங்க. அதுக்கு ரியாக்ட்ல (பிரவுசர்ல ஓடுற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) தனியா முன்பக்கம் எழுதணுமா?

கொருக்குப்பேட்டை_பைத்தான்:

சீக்வென்ஸ் வேண்டாம். அது ரெட்டிப்பு வராம பாத்துக்கும், ஆனா டிரான்சாக்‌ஷன் ரோல்பேக் ஆனா எடுத்த எண் திரும்பி வராது, நடுவுல ஓட்டை விழும். ஜிஎஸ்டி விதி 46 படி இன்வாய்ஸ் எண் தொடர்ச்சியா இருக்கணும், 16 எழுத்துக்கு மேல போகக் கூடாது, அந்த நிதியாண்டுல திரும்ப வரக்கூடாது. அதனால நிதியாண்டுக்கு ஒரு வரி உள்ள சின்ன கவுன்ட்டர் டேபிள் வையுங்க. அடாமிக் பிளாக்குக்குள்ள அந்த வரியை செலக்ட் ஃபார் அப்டேட்ல பூட்டி, ஒண்ணு கூட்டி, பில்லைச் சேவ் பண்ணி வெளிய வாங்க. பில் டேபிள்ல எண்ணுக்கு யுனிக்கும் போடுங்க. பூட்டு கையில இருக்கும்போது பிடிஎஃப் உருவாக்குறது, எஸ்எம்எஸ் அனுப்புறது எதுவும் கூடாது, பின்னாடி இருக்கற எல்லாரும் காத்திருப்பாங்க. அதெல்லாம் ஆன் கமிட்ல (டிரான்சாக்‌ஷன் முடிஞ்சப்புறம்) போகட்டும். அடாமிக் இல்லாம செலக்ட் ஃபார் அப்டேட் போட்டா ஜாங்கோவே எரர் கொடுத்துடும், அந்த வகையில பயமில்ல. தொகைக்கு டெசிமல் ஃபீல்டு, ஃப்ளோட் (தோராயமா சேர்ற தசம எண்) வேண்டவே வேண்டாம்.

திருவொற்றியூர்_சர்வர்:

ரியாக்ட் வேண்டாம் ப்ரோ. ரெண்டு பேருக்கு ரெண்டு கோடுபேஸ் கட்டுப்படியாகாது. ஜாங்கோ டெம்ப்ளேட்டே போதும். பட்டனை ரெண்டு தடவை அமுக்குறதுக்கு மருந்து வேற: ஃபார்மைத் திறக்கும்போதே ஒரு யுயுஐடியை (திரும்ப வராத அடையாள எண்ணை) மறைவா வச்சு அனுப்புங்க, டேபிள்ல அந்தக் காலம் யுனிக். நெட் போய் அதே ஃபார்ம் திரும்ப வந்தா ரெண்டாவது வரி எழுதாம முதல் பதிவையே காட்டுங்க.

டேபிள் மாத்துறது பத்தி யாரும் விரிவா சொல்லல. மேக் மைகிரேஷன்ஸ் (மாற்றத்தைக் கோப்பா எழுதுறது), மைகிரேட் (அதை ஓட்டுறது) ரெண்டும் உங்க மூணாவது தொந்தரவுல பெரும் பகுதியைத் தீர்த்துடும், ஒழுங்கு மட்டும் வேணும். ஓடி முடிஞ்ச மைகிரேஷன் கோப்பைத் திருத்தவே கூடாது. டேட்டா நிறைஞ்ச டேபிள்ல கட்டாயக் காலம் சேர்க்கணும்னா மூணு படியா போங்க: முதல்ல காலியா இருக்கலாம்னு சேர்க்கணும், பிறகு டேட்டா மைகிரேஷன்ல நிரப்பணும், அப்புறம்தான் கட்டாயமாக்கணும். ரெண்டு பேரும் தனித்தனியா ஒரே எண்ல கோப்பு உருவாக்கினா மைகிரேட் நின்னுடும், மெர்ஜ் ஆப்ஷன் கொடுத்துச் சேர்த்துக்கலாம்.

வேகம் குறைஞ்சா முதல்ல பாக்க வேண்டியது குவெரி எண்ணிக்கை. 200 மூவ் காட்டுற பட்டியல்ல ஒவ்வொரு வரிக்கும் பெட்டி, லைன், டிரெய்லர்னு மூணைத் தொட்டா 601 குவெரி போகும். தொடர்புள்ள டேபிளைச் சேர்த்தே எடுக்கிற செலக்ட் ரிலேட்டட் போட்டா ஒண்ணு. குவெரியை எண்ணிக் காட்டுற டீபக் டூல்பாரை டெவலப்மென்ட்ல வச்சிருந்தா இது உடனே கண்ணுல படும்.

நேரம்தான் யார்டுக்கு பணம், இதைக் கவனமா படிங்க. நேர மண்டல செட்டிங்கான யூஸ் டிஇசட் இயக்கத்துல இருக்கட்டும், டைம் ஸோன் ஏசியா கொல்கத்தா. டேட்டாபேஸ்ல யுடிசியாத்தான் (உலகப் பொது நேரம்) சேரும். நம்ம நேரம் அஞ்சரை மணி முன்னால. யாராவது நேரடி எஸ்க்யூஎல் எழுதி யுடிசி தேதியை வெட்டி எடுத்தா, ராத்திரி 12 முதல் 5.30 வரை வந்த பெட்டியெல்லாம் முந்தின நாள் கணக்குல போய் விழும். எண்ணூர், காட்டுப்பள்ளி பக்கமிருந்து ராத்திரி ஷிஃப்ட்ல வர்ற வண்டி அத்தனைக்கும் ஃப்ரீ டேஸ் (வாடகை இல்லாத நாள்) ஒரு நாள் குறையும், பார்ட்டி சண்டைக்கு வருவாங்க. தேதியை மட்டும் எடுக்கிற ட்ரங்க் டேட் வழியா போனா ஜாங்கோ நம்ம நேரத்துலயே வெட்டும். நள்ளிரவு 12.10-க்கு வர்ற பெட்டி ஒண்ணை வச்சு டெஸ்ட் எழுதிடுங்க.

மணலி_கேட்2:

ஃப்ரீ டேஸ்ல ஒரு நாள் உதைக்கிறது இப்பவும் இருக்கு அண்ணா, காரணம் இதுவாத்தான் இருக்கும், பாக்கறேன். சர்வரை யார்டுலயே வைக்கலாமா? பழைய டேட்டாவை எப்படிக் கொண்டுவர்றது?

திருவொற்றியூர்_சர்வர்:

யார்டுல வேண்டாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல மணலி, எண்ணூர் பக்கம் தண்ணி எப்படி நின்னதுன்னு நமக்குத் தெரியும். வெளிய ஒரு விபிஎஸ் (வாடகை சர்வர்) எடுங்க, முன்னால என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர்), பின்னால கூனிகார்ன் (பைத்தான் அப்ளிகேஷனை ஓட்டுறது). ஒர்க்கர் எண்ணிக்கை சிபியு கோர் இரண்டு மடங்கு கூட்டல் ஒண்ணுன்னு ஆரம்பிங்க. டெவலப்மென்ட்டுக்கான ரன்சர்வர் நேரலைக்கு இல்ல. டீபக் செட்டிங்கை அணைச்சதும் அட்மின் டிசைன் இல்லாம வெறும் எழுத்தா வரும்; டிசைன் கோப்புகளை ஒரே ஃபோல்டர்ல சேர்க்கிற கலெக்ட் ஸ்டாட்டிக் ஓட்டி, அந்த ஃபோல்டரை என்ஜின்எக்ஸுக்குக் காட்டணும், அவ்வளவுதான். ஏத்துறதுக்கு முன்னாடி செக் கமாண்டை டெப்ளாய் ஆப்ஷனோட ஓட்டினா விட்டுப்போன பாதுகாப்பு செட்டிங் பலதையும் வரிசையா சொல்லிடும்.

பழைய டேபிளுக்கு இன்ஸ்பெக்ட்டிபி ஓட்டுங்க, இருக்கற அமைப்பைப் படிச்சு மாடல் எழுதிக் கொடுக்கும். மேனேஜ்டு ஃபால்ஸ்னு (டேபிளை ஜாங்கோ மாத்தாதுன்னு) போட்டிருக்கும், அப்படியே விடுங்க, படிக்க மட்டும் அது போதும். அதுலருந்து புது மாடலுக்கு ஸ்கிரிப்ட்ல ஏத்துங்க. மேல சொன்ன ஃபுல் கிளீன்ல தேறாத வரியைத் தனிக் கோப்புல ஒதுக்குங்க. ஒதுங்கினதை ரெண்டு கேட் ஆளும் உக்காந்து யார்டுல பெட்டியைப் பார்த்துத்தான் தீர்க்கணும், கோடால முடியாது. முதல்ல ஒரு கேட்டை மட்டும் மாத்தாதீங்க. யுனிக் விதி ரெண்டு கேட்டும் ஒரே டேபிள்ல எழுதினாத்தான் பலிக்கும். ரெண்டையும் சேர்த்து ஒரு ஞாயித்துக்கிழமை மாத்துங்க, பில்லிங் அடுத்த மாசம் 1-ம் தேதியிலருந்து புது சீரிஸ்ல வரட்டும்.

ராயபுரம்_ஜாவா:

தினமும் பிஜி டம்ப் (போஸ்ட்கிரெஸ் பேக்கப்) எடுத்து வேறொரு இடத்தில் வையுங்கள். மாதம் ஒரு முறை அதைக் காலி டேட்டாபேஸில் மீட்டுப் பார்த்து, கடைசி பில் எண் சரியாக வருகிறதா என்று ஒப்பிடுங்கள்.