நாட்டியத்தை விட முடியாது, அதுதான் தொழிலா என்றும் தெரியவில்லை: எந்தக் கல்லூரியில் சேர்வது?

மொட்டைமாடி_சலங்கை:

எல்லோருக்கும் வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டது. கணிதம்-உயிரியல் குரூப். மார்க் மோசமில்லை. நல்ல என்ஜினீயரிங் கல்லூரியே கிடைக்கும் என்று அப்பாவின் நண்பர்கள் ஆளாளுக்குச் சொல்கிறார்கள். என் குழப்பம் மார்க் பற்றியது இல்லை.

ஏழு வயதிலிருந்து பரதம் கற்கிறேன். வீடு கும்பகோணத்தில், டீச்சர் தஞ்சாவூரில். சனி, ஞாயிறு காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்புவேன். மற்ற நாட்களில் விடிவதற்குள் மொட்டை மாடியில் ஒன்றரை மணி நேரம். கீழ் வீட்டுப் பாட்டி முதலில் சண்டை போட்டார், இப்போது நான் ஒரு நாள் ஆடாவிட்டால் உடம்புக்கு என்ன என்று அம்மாவிடம் விசாரிக்கிறார். பத்தாம் வகுப்பு லீவில் அரங்கேற்றம் ஆனது. எங்கள் பேட்ச்சில் ஐந்து பேர். அரங்கேற்ற ஆல்பம் கைக்கு வந்ததும் நான்கு பேர் நின்றுவிட்டார்கள்.

யாராவது இதை 'ஹாபி' என்றால் எனக்குச் சுருக்கென்று இருக்கும். சரி, டான்சராகப் போகிறாயா என்று கேட்டால் 'ஆமாம்' என்றும் வாயில் வரவில்லை. காரணம் உண்டு. அரங்கேற்றச் செலவை அப்பா ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். மண்டபம், பாட்டு, நட்டுவாங்கம் (தாளம் தட்டி, ஜதி சொல்லி ஆட்டத்தை நடத்துவது), மிருதங்கம், வயலின், புடவை, தையல் கூலி, மேக்கப், பூ, வீடியோ என்று ஒன்றன் கீழ் ஒன்றாக. கடைசியில் கூட்டுத்தொகையைப் போட்டு, யாரும் பார்க்கக் கூடாது என்பது போல அந்தப் பக்கத்தை மட்டும் மடித்திருந்தார். நான் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு கச்சேரிக்கும் இப்படி ஒரு பக்கம் மடிக்க வேண்டியிருந்தால் அது எப்படித் தொழிலாகும்?

உயிரியலும் பிடிக்கும். மனிதர்கள் ஏன் அப்படி நிற்கிறார்கள், நடக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். அதற்கு என்ன படிப்பு என்று தெரியாது. சைக்காலஜியா, பிசியோதெரபியா, ஒன்றுமே இல்லையா?

இப்போது வீட்டில் பேசப்படுபவை: கலாக்ஷேத்ரா டிப்ளமோ (சென்னையில் உள்ள நாட்டியப் பள்ளி, டீச்சரின் அக்கா சொன்னது). கோயம்புத்தூரில் என்ஜினீயரிங் (அப்பா). சென்னையில் பி.எஸ்சி. சைக்காலஜி (நான், பாதி மனதோடு). தஞ்சாவூரிலேயே ஓர் அரசு மகளிர் கல்லூரியில் விலங்கியல் (அம்மா, 'இவ்வளவு மார்க் வாங்கிவிட்டு அங்கேயா' என்று அப்பா அதோடு பேச்சை முடித்துவிட்டார்). டீச்சர் எதுவுமே சொல்லவில்லை. "எங்கே போனாலும் அரைமண்டியை விட்டுவிடாதே" என்பதோடு சரி. (அரைமண்டி என்றால் முழங்காலை மடித்து, பாதங்களை வெளிப்பக்கம் திருப்பி நிற்கும் அடிப்படை நிலை.)

தொழில் எது என்று முடிவு செய்யாமல் கல்லூரியை முடிவு செய்ய முடியுமா? செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

---

ஆலமரத்தடி:

தங்கச்சி, நான் கலாக்ஷேத்ராவில் நான்கு வருஷ டிப்ளமோ முடித்தவள். 1936-இல் ருக்மிணி தேவி தொடங்கியது, இப்போது மத்திய அரசின் கீழ் இருப்பது, அதெல்லாம் உனக்கே தெரிந்திருக்கும். தெரியாத இரண்டு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, பத்து வருஷம் கற்றவளும் அங்கே முதல் அடவான (அடவு என்றால் அடிப்படை ஆட்ட அசைவு) தட்டடவிலிருந்துதான் தொடங்க வேண்டும். நீ தஞ்சாவூரில் கற்ற கையும் அங்கே கேட்கும் கையும் ஒன்றாக இருக்காது. முழங்கை நிற்கும் உயரம், பார்வை போகும் இடம், எல்லாவற்றையும் கழற்றி மாட்டுவார்கள். எனக்கு முதல் ஆறு மாதம் என் உடம்பே வேறு யாருடையதோ போல இருந்தது. பிறகு பிடித்துப்போனது. என்னோடு சேர்ந்த ஒருத்திக்குக் கடைசிவரை பிடிக்கவே இல்லை. உன் டீச்சரின் பாணி உனக்கு எவ்வளவு முக்கியம் என்பதை இப்போதே யோசித்துவிடு.

இரண்டாவது, அது நாள் முழுவதும் நாட்டியமும் அதைச் சுற்றியவையும்தான். பாட்டு, தாளம், சாஸ்திரம் எல்லாம் உண்டு. வெறுமனே ஆடுகிறவளாகப் போய், ஒரு வகுப்பை நடத்தக்கூடியவளாக வெளியே வருவாய். டிகிரி தனியாக வேண்டும் என்று எங்கள் செட்டில் பலர் அஞ்சல் வழியில் பி.ஏ. எழுதினோம். நான் வரலாறு எழுதினேன், பரீட்சைக்கு முந்தின இரவு மட்டும் படித்து. அந்த வரலாறு இப்போது ஒன்றும் ஞாபகமில்லை.

தொழில் என்று முடிவு செய்யாதவள் அங்கே போகக் கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நான்கு வருஷத்தில் விலங்கியலை எட்டிப் பார்க்க நேரம் கிடைக்காது.

---

ஐந்தரை_மணி_கேட்:

உன் அப்பா சொன்ன ஊரில், உன் அப்பா சொன்ன படிப்பைப் படித்தவள் நான். கல்லூரிப் பெயர் வேண்டாம். நல்ல கல்லூரி, வேலையும் வாங்கித் தந்தது.

சேரும்போது பிளேஸ்மெண்ட், ஃபீஸ், ஹாஸ்டல் சாப்பாடு எல்லாம் விசாரித்தோம். கடைசிப் பீரியட் எத்தனை மணிக்கு முடியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. 4.45. ஹாஸ்டல் கேட் 5.30-க்குப் பூட்டிவிடுவார்கள். ஊருக்குள் இருந்த டான்ஸ் வகுப்புக்குப் பஸ்ஸில் போகவே நாற்பது நிமிஷம். அப்பா கையெழுத்திட்ட கடிதம், துறைத் தலைவர் கையெழுத்து, வார்டன் கையெழுத்து என்று மூன்றும் வாங்கி, வாரத்தில் ஒரு நாள் 8 மணிவரை வெளியே இருக்க அனுமதி கிடைத்தது. அதற்குள் முதல் செமஸ்டர் முடிந்துவிட்டது.

சரி, ஹாஸ்டலிலேயே ஆடலாம் என்று காலை ஐந்து மணிக்கு மூன்றாவது மாடி வராந்தாவில் ஆரம்பித்தேன். முதல் நாள் தட்டடவு இரண்டாம் காலம் (இரட்டை வேகம்) கூட வரவில்லை, இரண்டாவது மாடியிலிருந்து ஒரு சீனியர் தலையணையோடு படியேறி வந்தாள். திட்டவில்லை. தலையணையை என் காலடியில் போட்டுவிட்டு, "இதன் மேல் ஆடு" என்று சொல்லிவிட்டுப் போனாள். இப்போது சிரிப்பு வருகிறது. அன்று அழுதேன். அதற்குப் பிறகு மூன்று வருஷம் நான் ஆடியது பெரும்பாலும் கையால்தான். கட்டிலில் உட்கார்ந்து, காதில் ஹெட்போன் மாட்டி, டீச்சரின் தட்டுக்கழி (தாளத்துக்குக் கட்டையில் தட்டும் கோல்) ரெக்கார்டிங்குக்குக் கையால் மட்டும் அடவு பிடிப்பேன். உருப்படி (ஆடும் பாட்டு) மறக்காது, அது உண்மை. ஆனால் தொடை மறந்துவிடும். நான்காம் வருஷம் ஒரு விழாவில் வர்ணம் (கச்சேரியின் நீண்ட உருப்படி) ஆட ஒத்துக்கொண்டேன். அதன் பிற்பகுதியான சரணம் வருவதற்குள் என் அரைமண்டி பாதி அளவுக்கு உயர்ந்துவிட்டது. வீடியோவில் அது நன்றாகத் தெரியும், இன்றுவரை யாருக்கும் காட்டியதில்லை.

இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை. பெரும்பாலும் செமஸ்டர் பரீட்சை நவம்பர், டிசம்பரில் வரும். மார்கழிக் கச்சேரிகளுக்கான ஒத்திகையும் அப்போதுதான். வருகைப் பதிவு 75 சதவீதம் இல்லாவிட்டால் பரீட்சை எழுத விட மாட்டார்கள். கல்லூரி சார்பில் ஆடினால் ஓ.டி. (வந்ததாகவே கணக்கு வைக்கும் 'ஆன் டியூட்டி') தருவார்கள். நீயாக ஒரு சபாவில் ஆடினால் அது லீவுதான்.

ஆகவே கல்லூரிக்கு நேரில் போகும்போது இதைக் கேள்: கடைசி வகுப்பு எப்போது முடியும், கேட் எப்போது, தட்டி ஆட ஒரு தரை எங்கே, சாவி யாரிடம். அட்மிஷன் ஆபீசில் கேட்காதே, அங்கே எல்லாவற்றுக்கும் 'உண்டு' என்பார்கள். வாட்ச்மேனிடம் கேள்.

சென்னை என்றால், அங்கே பல கலைக் கல்லூரிகளில் இரண்டு ஷிப்ட் உண்டு. முதல் ஷிப்ட் மத்தியானத்தோடு முடிந்துவிடும், இரண்டாவது ஷிப்ட் மாலை வரை இழுக்கும். மாலை வகுப்புக்குப் போகிறவளுக்கு எந்தப் பாடம் என்பதைவிட எந்த ஷிப்ட் என்பது பெரிய விஷயம். ஒரே டிகிரிக்குள் இரண்டு வேறு வாழ்க்கை.

தொழில் பற்றிக் கேட்டாய். எனக்கு இப்போது சாஃப்ட்வேர் வேலை. அதில் வரும் பணத்தில் வருஷத்துக்கு இரண்டு நிகழ்ச்சி. அந்த நோட்டுப் பக்கத்தை இப்போது நானே மடித்துக்கொள்கிறேன். இது தோல்வி என்று எனக்குத் தோன்றவில்லை. ஆடாமல் வீணாய்ப் போன அந்த மூன்று வருஷம் மட்டும் உறுத்துகிறது.

---

மூட்டு_வைத்தியர்:

பிசியோதெரபிஸ்ட். சுருக்கமாக.

நீ கேட்ட 'ஏன் அப்படி நிற்கிறார்கள்' என்பதுதான் எங்கள் படிப்பின் முதல் பாடம். என்னிடம் வரும் பரதக் கலைஞர்களில் பலருக்கு முழங்கால் வலி. அரைமண்டியில் பாதம் வெளிப்பக்கம் திரும்புவது இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். அது போதாமல் பாதத்தை மட்டும் வலிந்து திருப்பினால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். ஆடுகிறவளாக இருந்து இதைப் படித்தால் உன்னால் நிறையப் பேருக்கு உதவ முடியும்.

ஆனால் இளங்கலையில் மருத்துவமனைப் பணியும் கடைசியில் இன்டர்ன்ஷிப்பும் உண்டு. அந்த மாதங்களில் மாலையில் ஆட உடம்பில் தெம்பு இருக்காது. விலங்கியலோ சைக்காலஜியோ படித்து முடித்தால் இந்தப் பக்கம் வரும் கதவு மூடிவிடும் என்றும் பயப்படாதே. நாட்டிய அசைவை வைத்துச் செய்யும் சிகிச்சைக்கு முதுகலை நிலையில் தனிப் பயிற்சிகள் இருக்கின்றன. சைக்காலஜி படித்தவர்கள் அதற்கு வருகிறார்கள்.

சிமெண்ட் மொட்டை மாடியில் பத்து வருஷமா? ஒருமுறை காலைக் காட்டிவிடு.

---

தாளம்_தப்பாத_தாத்தா:

பேத்திக்காகத் தேடி வைத்தது, உனக்கும் உதவட்டும்.

ஒரே நேரத்தில் இரண்டு டிகிரி படிக்க யு.ஜி.சி. 2022-இல் வழி விட்டது. இரண்டும் நேரடி வகுப்பானால் நேரம் மோதக் கூடாது. ஒன்று நேரடி, மற்றது தொலைநிலை என்றும் வைத்துக்கொள்ளலாம். எதையும் கல்லூரியில் கேட்டுக்கொண்டு செய். நாட்டியத்தையே டிகிரியாகப் படிக்க வேண்டுமானால் உங்கள் பக்கத்திலேயே திருச்சியில் கலைக் காவிரி கல்லூரி இருக்கிறது, பி.எஃப்.ஏ. (நுண்கலை இளங்கலை) பரதநாட்டியம். உன் பட்டியலில் அது இல்லாதது ஆச்சரியம்.

மத்திய அரசின் கலாசாரப் பயிற்சி மையமான சி.சி.ஆர்.டி. மூலம் 18 முதல் 25 வயதுவரை உள்ள இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய், இரண்டு வருஷம் உதவித்தொகை உண்டு. குருவிடம் தொடர்ந்து கற்பதற்காகத் தருவது. பதினெட்டு ஆனதும் விண்ணப்பி. தொகை பெரிதில்லை, பஸ் செலவாவது அப்பா தலையில் விழாது.

ஐ.ஐ.டி. மெட்ராஸில் 2025-26 முதல் கலைத் திறன் உள்ளவர்களுக்கென்று கூடுதல் இடம் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேறியிருக்க வேண்டும். நீ எழுதியதாகச் சொல்லவில்லை, அதனால் இது படிக்கிற மற்றவர்களுக்கு.

அப்புறம், தொழில் தெரியாமல் படிப்பது குற்றமில்லை. பரதக் கலைஞர் சி.வி. சந்திரசேகர் தாவரவியலில் முதுகலை படித்தவர். பிறகு பரோடாவில் நாட்டியப் பேராசிரியரானார், பத்மபூஷண் வாங்கினார். நாட்டியக் கலைஞர் மல்லிகா சாராபாய் ஐ.ஐ.எம். அகமதாபாத்தில் படித்தவர். இதை உன் அப்பாவிடம் சொன்னால் அவர் என்ன சொல்வார் என்றும் தெரியும்: "அவர்கள் வீடு வேறு, நம் வீடு வேறு." அதிலும் நியாயம் இருக்கிறது.

---

மொட்டைமாடி_சலங்கை:

எல்லோருக்கும் நன்றி. கலைக் காவிரியை மறக்கவில்லை தாத்தா, அப்பா முன்னால் சொல்லப் பயம். சொல்லிப் பார்த்தேன். 'பார்க்கலாம்' என்றார். எங்கள் வீட்டில் 'பார்க்கலாம்' என்றால் பார்க்க மாட்டார்கள் என்று அர்த்தம்.

ஐந்தரை மணி அக்கா, நீங்கள் சொன்னபடி நேற்று தஞ்சாவூர் கல்லூரிக்குப் போனேன், அம்மாவோடு. வாட்ச்மேனிடம்தான் முதலில் பேசினேன். வகுப்பு மூன்றரைக்குள் முடிந்துவிடுமாம். அங்கிருந்து டீச்சர் வீட்டுக்கு டவுன் பஸ்ஸில் கால் மணி நேரம். இதுவரை வாரத்துக்கு இரண்டு நாள் கற்றவள் ஐந்து நாள் போகலாம். ஜூனியர் பிள்ளைகளுக்கு அடவு சொல்லிக்கொடுக்கவும் நட்டுவாங்கம் பழகவும் டீச்சர் எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறார், நேரமே கிடைத்ததில்லை. கலையரங்கத்தைத் திறந்து காட்டச் சொன்னேன். மேடை முழுக்கப் பரீட்சை பெஞ்ச் அடுக்கியிருந்தது. கேட்டால் ஒதுக்கித் தருவார்களாம்.

சென்னை சைக்காலஜிக்கும் விண்ணப்பித்திருக்கிறேன், முதல் ஷிப்ட் மட்டும். அங்கே போனால் டீச்சரை விட வேண்டும். வேறு டீச்சரிடம் போக இவரிடமே அனுமதி கேட்க வேண்டும். அதை எப்படிக் கேட்பது என்று யோசித்தபோதுதான், எனக்குக் கேட்க விருப்பமே இல்லை என்று தெரிந்தது. அம்மா சொன்ன கல்லூரியில்தான் சேரப் போகிறேன் என்று வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அப்பாவிடம் மார்க் ஷீட்டோடு டவுன் பஸ் நேரத்தையும் எழுதிக் காட்டப் போகிறேன், அந்த நோட்டிலேயே.

ஒரே ஒரு சந்தேகம். அந்த மேடைத் தரை மொசைக். மொசைக்கில் தொடர்ந்து ஆடியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

---

ஆலமரத்தடி:

ஆடியிருக்கிறேன். வியர்வை சொட்டினால் வழுக்கும், துணியைக் கையோடு வைத்துக்கொள். மெஷின் பாலிஷ் போட்ட மறுநாள் ஆடவே ஆடாதே. பெஞ்சுகளைப் பரீட்சை முடிந்த அன்றே நகர்த்தச் சொல்லிவிடு, அடுத்த பரீட்சை வரை அப்படியே கிடக்கும்.