மியான்மர் போர் எல்லை தாண்டி வருகிறதா, நாம் அதை உள்ளே அழைக்கிறோமா?

தென்பொதிகை:
மியான்மரில் 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து நடந்துவரும் உள்நாட்டுப் போரை நம்மில் பலர் இன்னும் அயல்நாட்டுச் செய்தியாகவே படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறோம். அருணாசலம், நாகாலாந்து, மணிப்பூர், மிசோரம் ஆகிய நான்கு மாநிலங்கள் வழியாக அந்நாட்டுடன் நமக்கு 1,643 கிலோமீட்டர் எல்லை இருக்கிறது. 2023 நவம்பரில், மியான்மரின் மேற்கில் வாழும் சின் இனக் கிளர்ச்சியாளர்கள் எல்லையோர ஊரான ரிக்கவ்தாரில் இருந்த ராணுவ முகாமைத் தாக்கியபோது, தியாவ் ஆற்றைக் கடந்து ஏறத்தாழ 5,000 பேர் மிசோரத்தின் சோகவ்தாருக்குள் ஓடிவந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், தோற்ற சிப்பாய்களும் வந்து நம் காவல்துறையிடம் சரணடைந்தார்கள். 2024 ஜனவரியில் ஒரே நாளில் 276 சிப்பாய்கள் ஆயுதங்களோடு வந்தார்கள். அவர்களை அழைத்துச் செல்ல வந்த மியான்மர் ராணுவ விமானம் மிசோரத்தின் லெங்புய் விமான நிலைய ஓடுதளத்தைத் தாண்டிச் சறுக்கி உடைந்தது.

பக்கத்து வீடு பற்றி எரியும்போது நம் கூரை ஓலை என்பதை மறந்துவிட்டுப் பேச முடியாது. 16 கிலோமீட்டர் வரை விசா இல்லாமல் போய்வரும் ஏற்பாட்டை முடிவுக்குக் கொண்டுவருவதாக 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு அறிவித்ததும், எல்லை முழுவதற்கும் வேலி அமைக்க முடிவெடுத்ததும் தாமதமான செயல்கள்தாம், ஆனால் சரியான செயல்கள். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்க வேண்டுகிறேன்.

காகிதக்கோடு:
நண்பர் தென்பொதிகை அவர்களே, நீங்கள் அடுக்கிய நிகழ்ச்சிகள் எல்லாம் உண்மை. ஆனால் அவை மக்கள் தப்பி ஓடியதைக் காட்டுகின்றனவே தவிர, போர் பரவியதைக் காட்டவில்லை.

ஒரே எல்லையில் அடுத்தடுத்து இருக்கும் இரு மாநிலங்களைப் பாருங்கள். 30,000-க்கும் மேற்பட்ட சின் அகதிகள் மிசோரத்துக்குள் வந்தார்கள். பத்து லட்சத்தைச் சற்றே தாண்டிய மக்கள்தொகை கொண்ட மாநிலத்துக்கு அது சிறிய எண்ணிக்கை அல்ல. வருவோரைத் தடுக்கும்படி 2021 மார்ச்சில் உள்துறை அமைச்சகம் எழுதியபோது, அப்போதைய முதல்வர் சோரம்தங்கா, அவர்கள் எங்கள் உறவினர்கள், கைவிட மாட்டோம் என்ற பொருளில் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். யங் மிசோ அசோசியேஷனும் தேவாலயங்களும் அரிசி திரட்டின, மூங்கிலும் தகரமும் கொண்டு குடில் போட்டன. அங்கே கலவரம் வெடிக்கவில்லை. மிகக் குறைவான அகதிகள் வந்த மணிப்பூரில்தான் 2023 மே 3 முதல் சமவெளியில் வாழும் மெய்தெய்களுக்கும் மலைவாழ் குக்கிகளுக்கும் இடையே வன்முறை மூண்டு, 250-க்கும் மேற்பட்டோர் இறந்து, ஏறத்தாழ 60,000 பேர் வீடிழந்தார்கள். போர்தான் எல்லை தாண்டி வந்தது என்றால், அது மிசோரத்தை விட்டுவிட்டு மணிப்பூரை மட்டும் எப்படித் தேர்ந்தெடுத்தது?

மணிப்பூரின் தீக்கு விறகு உள்ளூரிலேயே கிடந்தது. மெய்தெய்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்ப்பது பற்றிய உயர்நீதிமன்ற உத்தரவு, காப்புக்காடுகளிலிருந்து வெளியேற்றிய நடவடிக்கை, மாநிலத்தின் பத்தில் ஒரு பங்கு நிலத்தில் நெருக்கியடித்து வாழும் சமவெளி மக்களின் குறை, மலை மக்களின் அச்சம் என அனைத்தும் நம் நாட்டுக் கணக்குகள். கொள்ளைபோன ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளும் மியான்மரிலிருந்து வந்தவை அல்ல. நம் காவல்துறையின் ஆயுதக் கிடங்குகளிலிருந்து எடுக்கப்பட்டவை.

தென்பொதிகை:
உங்கள் ஒப்பீடு கூர்மையானது, ஆனால் பாதியில் நின்றுவிடுகிறது. மிசோக்களுக்குச் சின் மக்கள் ஒரே இனவழியினர் என்பதால் அங்கே வந்தவர் விருந்தாளி ஆனார். மணிப்பூரில் குக்கிகளுக்கு உறவான அதே மக்கள் வந்தபோது, மெய்தெய்களின் கண்ணில் அது நிலத்துக்கும் வாக்குக்கும் வந்த ஆபத்தாகப்பட்டது. அந்த அச்சம் மிகையா இல்லையா என்பது வேறு விவாதம். பத்துப் பேர் வந்தால் நூறு பேர் வந்ததாகப் பேச்சு பரவும் இடத்தில், எண்ணிக்கை குறைவு என்பது ஆறுதலாகாது.

நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்றையும் சொல்கிறேன். மெய்தெய் ஆயுதக் குழுக்கள் பல ஆண்டுகளாக மணிப்பூரை ஒட்டிய மியான்மரின் சகாயிங் பகுதியில் முகாமிட்டிருந்தன. ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு அவற்றில் சில மியான்மர் ராணுவத்தின் பக்கம் நின்று, ராணுவ ஆட்சியை எதிர்க்கும் மக்கள் பாதுகாப்புப் படைகளோடு மோதின, அடிபட்டன, பிறகு மணிப்பூருக்குத் திரும்பின, அதுவும் ஊர் பற்றி எரிந்த அதே மாதங்களில். போரில் பழகிய ஆட்கள் ஊருக்குத் திரும்புவதைப் பரவல் என்று சொல்லக் கூடாதென்றால், அதற்கு வேறு எந்தச் சொல்லை வைத்திருக்கிறீர்கள்?

ருவாண்டாவையும் நினைத்துப் பாருங்கள். 1994 இனப்படுகொலைக்குப் பிறகு பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அன்றைய சயீருக்குள் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு), கோமாவுக்கும் புகாவுவுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். கொலை செய்தவர்களும் அந்தக் கூட்டத்திலேயே கலந்திருந்து, முகாம்களின் நிர்வாகத்தைக் கையில் எடுத்து, அங்கிருந்தே ருவாண்டாவைத் தாக்கினார்கள். 1996-இல் ருவாண்டா படை எல்லை தாண்டியது. 1997 மே மாதம் சயீர் அதிபர் மொபுட்டுவின் ஆட்சி விழுந்தது. அடுத்த ஆண்டே ஆப்பிரிக்க நாடுகள் பல இறங்கிய இரண்டாம் போர் தொடங்கியது. இதன் தொடக்கமும் அகதிக் கூடாரங்கள்தாம்.

கணக்கர்:
சீனாவை இருவரும் மறந்துவிட்டீர்கள். 2015 மார்ச்சில் மியான்மர் போர் விமானம் போட்ட குண்டு யுனானில் ஒரு கரும்புத் தோட்டத்தில் விழுந்து 5 பேர் இறந்தார்கள். அப்போது பெய்ஜிங் கடுமையாகச் சீறியது. ஆனால் 2023 அக்டோபர் 27 அன்று மூன்று இன ஆயுதக் குழுக்கள் சேர்ந்த மூன்று சகோதரர் கூட்டணி, சீன எல்லையை ஒட்டிய வடக்கு ஷான் பகுதியில் தாக்குதல் தொடங்கியபோது, சீனர்களை ஏமாற்றிய இணைய மோசடிக் கூடங்கள் லாவுக்காயில் ஒழிக்கப்படும் வரை அது கண்டும் காணாமல் இருந்தது என்றே பெரும்பாலான நோக்கர்கள் கருதுகிறார்கள். ராணுவம் முழுவதுமாக விழுந்துவிடுமோ என்ற நிலை வந்ததும் நெருக்கடி கொடுத்து, 2024 ஆகஸ்டில் கிளர்ச்சியாளர்கள் பிடித்த லாஷியோ நகரை 2025 ஏப்ரலில் திருப்பிக் கொடுக்க வைத்தது. எரிகிற வீட்டில் பிடுங்கிய வரை லாபம் என்பது அங்கே வெளியுறவுக் கொள்கை. போர் வெளியே வருவதை மட்டும் பேசுகிறீர்கள், அண்டை நாடுகள் உள்ளே கை விடுவதையும் சேர்த்துப் பேசுங்கள்.

மோரேவாசி:
நான் இம்பாலுக்குத் தென்கிழக்கே சுமார் 110 கிலோமீட்டரில் இருக்கும் மோரேயில் பிறந்தவன், இப்போது பிழைப்புக்காகச் சென்னையில் இருக்கிறேன். 1962-இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்த பிறகு கடைகளும் நிலங்களும் அரசுடைமையாகி, பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த தமிழர்களில் சிலர் இங்கே ஒட்ட முடியாமல் தரைவழியாகவே திரும்பிப் போக முயன்றார்கள். எல்லையில் தடுக்கப்பட்ட அவர்கள் தங்கிவிட்ட ஊர்தான் மோரே. என் தாத்தாவும் அவர்களில் ஒருவர். ஆக, அங்குள்ள நாங்களே அந்த நாட்டின் குழப்பம் வெளியே தள்ளிய மக்கள்தாம்.

2022 ஜூலை 5 அன்று எங்கள் ஊர்த் தமிழ் இளைஞர்கள் இருவர் எல்லைக்கு அந்தப் பக்கம் தாமுவில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒருவர் ஆட்டோ ஓட்டியவர், மற்றவர் சிறு வியாபாரி. ராணுவ ஆதரவு ஆயுதக் கும்பல் மீது சந்தேகம் எழுந்தது. காலையில் வழக்கம்போல நடந்து போனவர்கள் பகலுக்குள் பிணமாகிவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது, என் அம்மா கடையின் மரப்பலகைகளை ஒவ்வொன்றாகப் போட்டு மூடினார். எப்போதும் வரிசை எண் பார்த்து மாட்டுபவர் அன்று எண்ணைப் பார்க்கவில்லை. ஒரு பலகை கடைசிவரை பொருந்தவேயில்லை.

பத்து மாதம் கழித்து, 2023 மே மாதம், எங்கள் தெருவை எரித்தவர்கள் ஆறு கடந்து வந்தவர்கள் அல்லர். மெய்தெய்கள் ஊரை விட்டே போனார்கள், தமிழர் வீடுகளும் சில எரிந்தன. காகிதக்கோடு ஐயா சொல்வதும் எங்கள் ஊரில் நடந்தது, தென்பொதிகை ஐயா சொல்வதும் நடந்தது. எது முதலில் என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது.

காகிதக்கோடு:
மோரேவாசி அவர்களுக்கு என் வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். சகாயிங் முகாம்கள் பற்றிய கருத்தில் தென்பொதிகை அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன், அதை நான் குறைத்து மதிப்பிட்டேன்.

ஆனால் ருவாண்டா எடுத்துக்காட்டை நீங்கள் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். கோமாவில் நடந்த தவறு எல்லையைத் திறந்தது அல்ல, ஆயுதம் வைத்திருந்தவர்களைக் குடிமக்களிடமிருந்து யாரும் பிரிக்காதது. மிசோரத்தில் நேர்மாறாக நடந்தது. வந்த சிப்பாய்களின் துப்பாக்கிகளை வாங்கி வைத்துவிட்டு, அவர்களைத் தனியாகத் தங்கவைத்து, விமானத்தில் திருப்பி அனுப்பினார்கள். வங்கதேசமும் அதையே செய்தது. 2024 பிப்ரவரியில் பந்தர்பன் மாவட்டத்தில் ஒரு வீட்டுச் சமையலறை மீது மோர்ட்டார் குண்டு விழுந்து இருவர் இறந்தபோதும், எல்லைக் காவலர் உட்பட ஓடிவந்த 330 பேரை நிராயுதமாக்கிக் கப்பலில் ஏற்றி அனுப்பியது. 2017 முதல் காக்ஸ் பஜாரில் பத்து லட்சம் ரோகிங்கியாக்கள் அடைபட்டுக் கிடப்பதும், வேலை செய்ய உரிமை இல்லாத அந்த இளைஞர்களை ஆயுதக் குழுக்கள் இழுத்துப் போவதும்தான் அங்கே உண்மையான ஆபத்து. அந்த ஆபத்து வேலியால் வருவதுமில்லை, போவதுமில்லை.

வேலி பற்றி ஒன்று. நாகாலாந்தின் லாங்வா கிராமத்தில் ஆங் எனப்படும் கொன்யாக் தலைவரின் வீட்டுக்குள்ளேயே எல்லைக்கோடு ஓடுகிறது. கம்பியை எந்த அறையில் நடுவார்கள்?

தென்பொதிகை:
லாங்வா வீடு நல்ல படம், கொள்கைக்கு அடிப்படையாகாது. அந்த வீட்டின் வழியாக யாரும் போதை மாத்திரை கடத்துவதில்லை. மிசோரத்தின் எல்லை மாவட்டமான சம்பாய் வழியாக வரும் மெத்தம்பெட்டமைன் பிடிபடாத மாதம் அரிது. 2023-இல் ஆப்கானிஸ்தானை முந்திக்கொண்டு உலகிலேயே அதிக அபினி விளைவித்த நாடு மியான்மர் என்று ஐ.நா. அமைப்பே கூறியது. போர் நடத்தப் பணம் வேண்டும், அந்தப் பணத்தின் பாதைகளில் ஒன்று நம் ஊர் வழியே போகிறது.

நீங்கள் போற்றும் மிசோரமும் மாறியிருக்கிறது. கைரேகை, கண் பதிவு எடுக்க மாட்டோம் என்று 2023-இல் மறுத்த அந்த மாநிலம், 2025-இல் அதே பதிவைத் தொடங்கியது. அந்த ஆண்டு ஜூலையில் சோகவ்தாருக்கு எதிரே மோதிக்கொண்டவை ராணுவமும் கிளர்ச்சியாளர்களும் அல்ல, இரண்டு சின் கிளர்ச்சிக் குழுக்கள். அதிலும் ஆயிரக்கணக்கானோர் ஆறு கடந்தார்கள். உறவு என்ற கயிறு எத்தனை காலம் தாங்கும் என்று அங்குள்ளவர்களே கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

கணக்கர்:
பதிவு எடுப்பதும் வேலி போடுவதும் ஒன்றல்ல. முதலாவதற்கு நான் ஆதரவு. 1,643 கிலோமீட்டருக்கு மலைக்காட்டில் இரண்டாவதைப் போட்டு, அதைக் காக்க ஆள் நிறுத்தி, மழைக்காலத்தில் சரியும் மண்ணோடு போராடும் செலவை யாராவது கணக்கிட்டுக் காட்டினால் அப்புறம் பேசலாம்.

மோரேவாசி:
எங்கள் ஊரை ஒட்டிச் சுமார் 10 கிலோமீட்டருக்கு வேலி முடிந்துவிட்டது. எல்லை வாயிலோ 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக மூடப்பட்டு, வழக்கமான வியாபாரத்துக்குத் திரும்பாமலே போனது. புதிய விதிப்படி எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் வசிப்பவர்களுக்கு மட்டும் ஏழு நாள் அனுமதிச் சீட்டு உண்டு. என் அத்தை மியான்மரின் கலேமியோ நகரில் இருக்கிறார், அது அந்தக் கணக்குக்கு வெளியே வெகுதூரம். அங்காள பரமேஸ்வரி கோவில் திருவிழாவுக்கு அவர் ஆண்டுதோறும் பேருந்தில் தாமு வரை வந்து, எல்லையை ஒட்டி அந்தப் பக்கம் இருக்கும் நம்பலோங் சந்தைக்குள் புகுந்து நடந்தே வந்துவிடுவார். சென்ற முறை தொலைபேசியில், விபூதியை மட்டும் யாரிடமாவது கொடுத்து அனுப்பு என்றார். யாரிடம் கொடுப்பது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.