நிலையான முகவரி இல்லாதபோது வங்கிக் கணக்கு தொடங்குவது பற்றி

வெளிநாட்டில் வந்திறங்கிய முதல் சில மாதங்களில் நம்மவர் பலரும் மாட்டிக்கொள்ளும் ஒரு சிக்கலைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். சம்பளம் போடுவதற்கு அலுவலகம் வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்கும்; கணக்குத் தொடங்க வங்கி முகவரிச் சான்றைக் கேட்கும்; முகவரிச் சான்றுக்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும்; ஒப்பந்தம் போட வேண்டுமானால் முன்பணத்தை வங்கி வழியாக அனுப்புங்கள் என்று வீட்டுக்காரர் சொல்வார். நண்பரின் அறையில் ஒரு மாதம், விடுதியில் இரண்டு வாரம், பிறகு உள்வாடகைக்கு ஓர் அறை என்று இடம் மாறிக்கொண்டே இருப்பவர் இதற்குள் எங்கிருந்து நுழைவது என்று தெரியாமல் திகைத்துப்போகிறார். அடைக்கலம் கோரிவிட்டு முகாமில் காத்திருப்பவர்களின் நிலை இன்னும் கடினமானது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். சட்டம் கேட்பது ஒன்று, வங்கிக் கிளையில் வழக்கமாகக் கேட்பது இன்னொன்று. கறுப்புப் பணத் தடுப்பில் உலக நாடுகள் பின்பற்றும் வரையறைகளை வகுக்கும் எஃப்.ஏ.டி.எஃப். என்ற அமைப்பு, வாடிக்கையாளர் யார் என்பதை நம்பகமான ஆவணங்களைக் கொண்டு உறுதிசெய்யுங்கள் என்றுதான் வங்கிகளிடம் கேட்கிறது. மின்கட்டண ரசீதை வாங்கியே தீர வேண்டும் என்று அது எங்கும் சொல்லவில்லை. ரசீதும் ஒப்பந்தமும் வங்கிகள் தமக்கு எளிது என்று வைத்துக்கொண்ட வழிமுறைகள். எனவே “முகவரிச் சான்று இல்லையென்றால் முடியாது” என்று ஒருவர் சொன்னால், அது அந்த நாட்டின் சட்டமா, அந்த வங்கியின் விதியா, அந்த ஊழியருக்குப் பழகிப்போன பதிலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். என் அனுபவத்தில் மூன்றாவதுதான் அதிகம்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இருப்பவர்களுக்கு இதில் வலுவான பிடிமானம் ஒன்று உண்டு. 2014இல் இயற்றப்பட்ட கட்டணக் கணக்குகள் பற்றிய ஒன்றிய உத்தரவின்படி, ஒன்றியத்துக்குள் சட்டப்படி தங்கியிருக்கும் எவருக்கும் அடிப்படைக் கணக்கு ஒன்றைப் பெறும் உரிமை இருக்கிறது; நிலையான முகவரி இல்லாதவர்களும் அடைக்கலம் கோரியிருப்பவர்களும் அதில் அடங்குவர் என்று அந்த உத்தரவு வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. விண்ணப்பம் முழுமையாகக் கிடைத்த 10 வேலை நாட்களுக்குள் வங்கி கணக்கைத் திறக்க வேண்டும், அல்லது மறுக்க வேண்டும். இது கடன் தரும் கணக்கு அல்ல, பொதுவாக இருப்புக்கு மேல் பணம் எடுக்கவும் முடியாது. ஆனால் சம்பளம் வாங்க, வாடகை கட்ட, அட்டையால் செலவு செய்ய இது தாராளமாகப் போதும்.

ஜெர்மனியில் இதற்கு பாசிஸ்கோன்டோ என்று பெயர். 2016 ஜூனிலிருந்து நடைமுறையில் உள்ளது. நான் இங்கே வந்த புதிதில் மூன்று மாதத்தில் மூன்று அறைகள் மாறினேன். குடியிருப்புப் பதிவு செய்ய வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்று தேவை. எனக்கு உள்வாடகைக்கு விட்டவரோ, தம் வீட்டுக்காரரிடம் சொல்லாமல் விட்டிருந்ததால், அதைத் தர மறுத்துவிட்டார். பதிவு இல்லாததால் இரண்டு வங்கிகள் என்னைத் திருப்பி அனுப்பின. அந்த இரண்டு இடத்திலும் நான் “கணக்குத் தொடங்க வேண்டும்” என்று மட்டுமே கேட்டிருந்தேன். விவரம் தெரிந்த ஒரு நண்பர், “பாசிஸ்கோன்டோவுக்கு விண்ணப்பிக்க வந்திருக்கிறேன் என்று அந்தப் பெயரைச் சொல்லிக் கேள், நிதிக் கண்காணிப்பு ஆணையமான பாஃபின் வெளியிட்டிருக்கும் படிவத்தை நீயே நிரப்பி எடுத்துப் போ, பெற்றுக்கொண்ட தேதியை எழுதி வாங்காமல் வராதே” என்றார். மூன்றாவது வங்கியில் அப்படியே செய்தேன். முகப்பில் இருந்த பெண்மணி படிவத்தை இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். கால் மணி நேரம் கழித்து வந்து, என் நகலில் முத்திரை குத்தித் தந்தார். சாதாரணக் கணக்குக்கு வசிப்பிட முகவரி கேட்கும் அந்நாட்டுக் கறுப்புப் பணத் தடுப்புச் சட்டம், நிலையான வசிப்பிடம் இல்லாதவர் அடிப்படைக் கணக்குக்கு விண்ணப்பிக்கும்போது, அவரைத் தொடர்புகொள்ளக்கூடிய ஓர் அஞ்சல் முகவரி போதும் என்கிறது. நான் நண்பரின் முகவரியைக் கொடுத்தேன். எட்டாவது வேலை நாளில் கணக்கு திறந்துவிட்டது.

ஆனால் அட்டை வரவில்லை. விசாரித்தபோது, “பெறுநர் இல்லை” என்று வங்கிக்கே திரும்பிப் போயிருந்தது தெரிந்தது. இங்கே அஞ்சல்காரர் கதவு எண்ணைப் பார்ப்பதில்லை, பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பெயரைத்தான் பார்க்கிறார். நண்பரின் பெட்டியில் அவருடைய பெயர் மட்டுமே இருந்தது. வெள்ளைத் தாளில் கடவுச்சீட்டில் உள்ளபடியே, என் பெயரையும் அப்பாவின் பெயரையும் விரித்து எழுதி, ஒளிபுகும் நாடா போட்டு ஒட்டினேன். இரண்டாவது அட்டை நாலே நாளில் வந்து சேர்ந்தது. பிறர் முகவரியைக் கொடுப்பவர்கள் இரண்டையும் மறக்கக் கூடாது: உறையில் மே/பா என்று அந்த வீட்டாரின் பெயர் வர வேண்டும், பெட்டியில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். அட்டையும் இரகசிய எண்ணும் தனித்தனி உறைகளில் வெவ்வேறு நாட்களில் வரும் என்பதால், இரண்டும் கைக்கு வரும்வரை அந்தத் தாளைக் கிழிக்க வேண்டாம். பெயரில் முதலெழுத்து வைப்பது நம் வழக்கமாதலால் இதையும் சொல்ல வேண்டும்: ஓர் ஆவணத்தில் முதலெழுத்து, இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால் வங்கி அதை இரு வேறு ஆட்களாகவே பார்க்கும். எல்லா இடத்திலும் கடவுச்சீட்டில் உள்ள வடிவத்தையே எழுதுங்கள்.

பிரான்சில் வழி வேறு. அங்கே ஊராட்சியின் சமூக நல மையத்திலோ அங்கீகரிக்கப்பட்ட அமைப்பிலோ பதிந்துகொண்டு, அஞ்சல் பெறுவதற்கான முகவரி ஒன்றை இலவசமாகப் பெறலாம். அதற்குத் தரப்படும் சான்று ஓராண்டுக்குச் செல்லும். வங்கி மறுத்தால், மறுப்புக் கடிதத்தோடு மத்திய வங்கியான பாங்க் து பிரான்ஸை அணுக வேண்டும். ஆவணங்கள் சரியாக இருந்தால் அது ஒரே வேலை நாளில் ஒரு வங்கியைக் குறித்துத் தரும், அந்த வங்கி கணக்கைத் திறந்தே ஆக வேண்டும். 1984இலேயே சட்டத்தில் இடம்பெற்ற உரிமை இது. அதனால்தான், எந்த நாட்டிலும் வாய்மொழி மறுப்போடு எழுந்து வராதீர்கள், எழுத்தில் கேளுங்கள் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன். அடுத்த கதவைத் திறப்பது பெரும்பாலும் அந்தக் கடிதம்தான். தவிரவும், எழுதித் தரச் சொன்னதுமே மறுப்பு மறுபரிசீலனை ஆவதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

பிரிட்டனில் அரசு பெயர் குறித்துள்ள பெரிய வங்கிகள் கட்டணமில்லாத அடிப்படைக் கணக்கைத் தர வேண்டும். முகவரிக்குப் பதிலாக விடுதிப் பொறுப்பாளர் அல்லது சமூகப் பணியாளர் தரும் கடிதத்தைப் பல வங்கிகள் ஏற்கின்றன. மாணவர்கள் பல்கலைக்கழகத்திடம் வங்கிக்கான கடிதம் என்று கேட்டு வாங்கலாம். எச்.எஸ்.பி.சி. வங்கி 2019இல் ஷெல்டர் என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து, முகவரியே இல்லாதவர்களுக்கென ஒரு சேவையைத் தொடங்கியது. கனடாவில் வேலை இல்லை, போடப் பணம் இல்லை, முன்பு திவாலாகியிருக்கிறார் என்ற காரணங்களுக்காக ஒருவருக்குக் கணக்கை மறுக்க முடியாது. அடையாள ஆவணம் குறைவாக இருந்தால், வங்கிக்குத் தெரிந்த ஒருவர் உங்களை அறிவேன் என்று உறுதிசொல்லும் வழியும் இருக்கிறது. அமெரிக்க விதி கடுமையானதாகத் தெரிந்தாலும் அதிலும் இடமுண்டு: தெரு முகவரி கட்டாயம், அஞ்சல் பெட்டி எண் மட்டும் போதாது, ஆனால் தமக்கென வசிப்பிடமோ தொழில் முகவரியோ இல்லாதவர், நெருங்கிய உறவினர் அல்லது தொடர்புக்குரிய ஒருவரின் தெரு முகவரியைத் தரலாம். சில வங்கிகள் இதைவிடக் கூடுதலாகவும் கேட்கும். அப்போது அடுத்த வங்கிக்குப் போவதில் தவறில்லை.

படிவத்தில் நம்மவர் செய்யும் ஒரு பிழை எனக்கு வருத்தம் தருவது. நிரந்தர முகவரி, தற்காலிக முகவரி என்று இரண்டையும் எழுதியே வளர்ந்தவர்கள் நாம். அதனால் வசிப்பிடம் என்று கேட்ட இடத்தில் ஊர் முகவரியை எழுதிவிடுகிறோம். அவர்கள் கேட்பது இன்றிரவு நீங்கள் எங்கே படுக்கிறீர்கள் என்பது. அது தற்காலிகமானது என்றால் தற்காலிகமானது என்றே எழுதுங்கள். வசிக்காத இடத்தை வசிக்கும் இடமாக எழுதுவது பொய் வாக்குமூலம் ஆகிவிடும். பின்னாளில் அது தெரியவந்தால் கணக்கை மூடிவிடுவார்கள்.

இணையவழி நிறுவனங்கள் கடவுச்சீட்டையும் முகத்தையும் கைப்பேசியில் காட்டியதும் கணக்குத் தருகின்றன. அவசரத்துக்கு நல்லது. ஆனால் அது வங்கி உரிமம் பெற்றதா, வங்கியாக இல்லாமல் பணத்தை மின்வடிவில் வைத்து அனுப்ப மட்டும் உதவும் மின்பண நிறுவனமா என்று பாருங்கள். ஒன்றிய நாடுகளில் 1,00,000 யூரோ வரையும் அமெரிக்காவில் 2,50,000 டாலர் வரையும் கிடைக்கும் வைப்புக் காப்பீடு வங்கி வைப்புகளுக்கு உரியது. ஒன்றியத்துக்குள் இன்னொரு செய்தியும் உதவும்: ஏற்கெனவே வேறோர் உறுப்பு நாட்டில் யூரோக் கணக்கு இருந்தால், சம்பளத்துக்கு உள்ளூர்க் கணக்குதான் வேண்டும் என்று முதலாளி சொல்ல முடியாது, 2012ஆம் ஆண்டு ஒழுங்குமுறை அதைத் தடுக்கிறது.

கணக்குக் கிடைக்கும்வரை நண்பர் கணக்கில் சம்பளத்தைப் போடச் சொல்லலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே என் பதில், நண்பர் எவ்வளவு நல்லவராயினும். அதைவிட முக்கியமானது, புதிதாகக் கணக்குப் பெற்றவரிடம் “உன் கணக்கில் கொஞ்சம் பணம் வரும், எடுத்துக் கொடு, உனக்கும் ஒரு பங்கு” என்று வருபவர்கள். மோசடியில் வந்த பணத்தைக் கைமாற்ற உங்களைக் கருவியாக்கும் வேலை இது; இதற்குப் பெரும்பாலும் மாணவர்களையே குறிவைக்கிறார்கள். பிரிட்டனில் இப்படி அகப்பட்டவரின் பெயர் சிஃபாஸ் என்ற மோசடித் தடுப்புப் பதிவில் 6 ஆண்டுகள் வரை இருக்கக்கூடும். அந்தக் காலத்தில் கணக்கு, கடன், சில வேளை கைப்பேசி இணைப்புகூடக் கிடைக்காது. இருபது வயதுப் பிள்ளைகள் இதில் விழுந்து தவிப்பதைக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

கணக்குத் திறந்த பிறகு இடம் மாறும்போதெல்லாம் வங்கிக்கு உடனே தெரிவியுங்கள். அட்டையின் காலம் முடிவதற்குள் முகவரி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். கைப்பேசி எண்ணை மாற்றுவதாக இருந்தால், பழைய எண் உயிரோடிருக்கும்போதே வங்கியில் புதியதைப் பதிந்துவிடுங்கள்; ஒருமுறைக் கடவுச்சொல் பழைய எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தால் அதைச் சரிசெய்யக் கடிதம் அனுப்புவார்கள், அந்தக் கடிதம் மறுபடியும் ஒரு முகவரியைத் தேடிக்கொண்டுதான் வரும்.