தினசரி ஸ்டாண்டப் மீட்டிங்கில் எல்லாம் "கிட்டத்தட்ட முடிஞ்சுது", கடைசி ரெண்டு நாளில் குண்டு. லீட் என்ன செய்யணும்?

தஞ்சை_டெவ்:
புதுசா டீம் லீட் ஆக்கியிருக்காங்க. எல்லாரும் வீட்டிலிருந்துதான் வேலை: நான் தஞ்சாவூர், மத்தவங்க கும்பகோணம், மன்னார்குடி, திருச்சி. கிளையன்ட் நியூ ஜெர்ஸி. ஸ்பிரின்ட் (கெடு வெச்சு செய்யற ஒரு சுற்று வேலை) முடியப் போற நேரத்துலதான் ஏபிஐ (வேற சாஃப்ட்வேரோட இணைக்கற வழி) ஆக்சஸே வரலைன்னு சொல்றாங்க. "புரிஞ்சுதா?"ன்னு கேட்டா "புரிஞ்சுது சார்". தாமதத்தை கிளையன்டுக்கு எப்படி எழுதறதுன்னும் தெரியலை.

காவேரிக்கரை:
"முடிஞ்சுதா?", "புரிஞ்சுதா?" ரெண்டையும் விட்டுடுங்க. மேல இருக்கறவர் கேட்டா மரியாதைக்காகவே "ஆமா சார்"னுதான் வரும். "இன்னும் என்ன பாக்கி? யார்கிட்டேருந்து என்ன வரணும்?"னு கேளுங்க.

வேலையைக் கொடுத்ததும், எதை மாத்தப் போறேன், எதைத் தொட மாட்டேன், எப்படி டெஸ்ட் பண்ணுவேன்னு டிக்கெட்டிலேயே (அந்த வேலைக்கான பதிவு) மூணு வரி எழுதச் சொல்லுங்க. பத்து நிமிஷ வேலை. தப்பாப் புரிஞ்சிருந்தா அங்கேயே தெரிஞ்சுடும். ஒன்றரை நாளுக்கு மேல இழுக்கற டிக்கெட்டை உடைச்சிடுங்க. "90 சதவீதம்" என்ற பேச்சே வேண்டாம். கோடு ரிவ்யூ முடிஞ்சு, மெயின் கோடோட மெர்ஜ் ஆகி, டெஸ்ட் பண்ற க்யூஏ சர்வருக்குப் போனால்தான் முடிஞ்ச கணக்கு.

ஒரே எரரில் முக்கால் மணி நேரம் நின்னா டீம் சாட் சேனலில் போடணும்: எரர் வரி, என்னென்ன முயற்சி பண்ணியாச்சு, என்ன வரும்னு எதிர்பார்த்தோம். அப்படி ஒருத்தர் போட்டதும் "இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"னு எல்லார் முன்னாடியும் கேட்டீங்கன்னா அடுத்த மாசம் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க. கண்டிக்கறதெல்லாம் தனியா.

ஸ்டாண்டப் 15 நிமிஷம்தான். தீர்வைப் பேசறது சம்பந்தப்பட்ட ரெண்டு பேரோட, அப்புறம்.

டெல்டா_பிஎம்:
கிளையன்ட் மெயிலுக்கு வர்றேன். பெரும்பாலும் இப்படித்தான் போகுது: "சில தொழில்நுட்பச் சிக்கல்கள் உள்ளன. குழு முழு முயற்சியுடன் செயல்படுகிறது. விரைவில் முடிப்போம்." படிக்கறவரால இதை வெச்சு ஒரு முடிவும் எடுக்க முடியாது. ஆங்கிலத்தில் எழுதினாலும் அமைப்பு இப்படி இருக்கட்டும்:

"பேமென்ட் ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை வராது, செவ்வாய் மாலை, உங்கள் நேரப்படி, வரும். சோதனைக்கான சாண்ட்பாக்ஸ் சாவி இன்னும் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமையே தேவையென்றால் ரீஃபண்ட் பக்கம் இல்லாமல் தரலாம். எது வேண்டும் என்று புதன்கிழமைக்குள் சொல்லுங்கள்."

முதல் வரியிலேயே தேதி. காரணம் ஒரே வரி. அப்புறம் மாற்று வழி, கடைசியில் அவர் எப்போதுக்குள் என்ன சொல்லணும். காரணம் இன்னும் பிடிபடலைன்னாலும் தாமதம் தெரிஞ்ச அன்னிக்கே அனுப்பிடுங்க, அடுத்த தகவல் எத்தனை மணிக்குன்னும் போடுங்க. ஜூனியர் பேர் மெயிலில் வரவே கூடாது.

மலைக்கோட்டை_ஆப்ஸ்:
நேரத்தையும் பாருங்க. நியூ ஜெர்ஸி காலை 9 மணி நமக்குக் கோடையில் மாலை 6.30. நவம்பர் முதல் ஞாயிறு அவங்க கடிகாரம் மாறினதும் 7.30, மார்ச் ரெண்டாவது ஞாயிறு வரைக்கும் அப்படித்தான். மீட்டிங் அழைப்பை அவங்க நேரத்தில் போட்டா தானா நகரும். நம்ம நேரத்தில் போட்டா அந்த வாரம் பாதிப் பேர் வர மாட்டாங்க.

அந்த நவம்பர்தான் நமக்குப் புயல் மாசமும். யுபிஎஸ் ரவுட்டருக்கும் வேணும். மொபைல் டேட்டா, பிராட்பேண்ட் கம்பெனி இல்லாம வேற கம்பெனியா இருக்கட்டும். மின்வாரியப் பராமரிப்பு மின்தடை முன்கூட்டியே அறிவிப்பாங்க, டீம் காலண்டரில் ஏத்திடுங்க. ஆனா 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு டெல்டாவில் பல ஊருக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆச்சு. அந்த நிலைமைக்கு யுபிஎஸ் காணாது. ஒவ்வொரு டிப்ளாய்மென்ட்டும் (முடிச்ச கோடை சர்வரில் ஏத்தற வேலை) வேற வேற ஊரில் ரெண்டு பேருக்காவது தெரிஞ்சிருக்கணும். மன்னார்குடியில் ஒருத்தர்னா திருச்சியில் ஒருத்தர்.

தஞ்சை_டெவ்:
நன்றிங்க. இன்னொண்ணு: ஒரு தம்பி கோடு பிரமாதமா எழுதறார், கிளையன்ட்டோட பேசற ஆன்லைன் காலில் மட்டும் மியூட்டை எடுக்கவே மாட்டார். ஆங்கிலத் தயக்கம்.

காவேரிக்கரை:
உள் ஸ்டாண்டப்பைத் தமிழிலேயே வெச்சுக்குங்க, குறிப்பு மட்டும் ஆங்கிலத்தில் எழுதட்டும். கிளையன்ட் காலில் அவர் செஞ்ச ஃபீச்சரின் டெமோவை மூணு நிமிஷம் அவரே காட்டட்டும். முதல் நாள் உங்ககிட்ட ஒருமுறை ஓட்டிக் காட்டணும். கேள்வி வந்தா முதல் ரெண்டு காலுக்கு நீங்க எடுத்துக்குங்க, மூணாவதிலிருந்து அவர். நடுவில் தடுமாறினா உடனே குறுக்கே புகுந்து முடிச்சு வெக்காதீங்க, ஒரு பத்து செகண்ட் விடுங்க.